கடலில்லாத குட்டி நாடு

மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. என் மூட்டுவலி வரைக்கும் விசாரித்தவன், என்னோடு இருக்கும் உன் மகளைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. பெரிய என்ஜினியர், மறந்திருப்பாய்.

"அரசியலும் உலக நாடுகளும் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா" என்று சொல்லி அவளோடு பேச்சை நிறுத்தினாயே, அவள் கிழித்ததை எழுதுகிறேன். போன வாரம் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே ஐ.நா. மாதிரி ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து நடத்திய சபைக்குப் போயிருந்தேன். இவளுக்குக் கிடைத்தது கடலே இல்லாத ஒரு குட்டி நாடு. துறைமுகத்துக்குப் போகப் பக்கத்து நாடு வழிவிட வேண்டும். அந்த நாடாக இருந்தவன் உன்னைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை நோண்டினான். இவள் கோபப்படவில்லை. துண்டுச் சீட்டில் எழுதி எழுதி அனுப்பினாள். பதினோராவது சீட்டில் அவன் இறங்கி வந்தான்.

நடுவராக வந்த ஓய்வுபெற்ற தூதர், "பதிலே சொல்லாதவங்ககிட்ட இவ்வளவு பொறுமையா பேச எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

"வீட்டுலதான் சார். எங்கப்பா ரெண்டு வருஷமா என்கூடப் பேசறதில்ல. தினம் ஒரு மெசேஜ் அனுப்பறேன்."

அரங்கமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நான் பெற்ற லட்சணத்தை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவளுடைய பட்டமளிப்பு பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணிக்கு. வீட்டாருக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் நான் உட்காருவேன், இன்னொன்றில் என் கைப்பையை வைப்பேன். அந்தப் பைக்கு உன்னைவிட மரியாதை தெரியும். ஆள் வந்தால் எழுந்து இடம் விடும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றும் உன்னைப் படிக்கவைத்த,
அம்மா