துளி நின்றது, வசந்தி

என் உயிரான வசந்திக்கு,

போன வாரம் நம் ப்ராஜெக்ட்டைக் காட்டிவிட்டேன். நீ இல்லாமல் காட்டவேண்டி வந்ததே என்ற கோபம் இன்னும் அடங்கவில்லை. யார்மேல் என்று கேட்காதே.

புத்தூரிலிருந்து திருப்பதி காலேஜுக்குப் போகும் ரயிலில், உன் மடியிலிருந்த பித்தளைத் தட்டுகளைப் பார்த்து, “இன்னா பொண்ணே, தோசைக்கல்லா?” என்று ஒரு பூக்காரம்மா கேட்டாளே, நினைவிருக்கிறதா?

“இல்லக்கா. இதுங்க நடுவுல எண்ணெய்த் துளி வுடுவோம். பூமி கீழ இழுக்கும், கரண்ட்டு மேல இழுக்கும். ரெண்டும் சமமாச்சுன்னா துளி அப்படியே நின்னுக்கினு இருக்கும்” என்றாய். எம்.எஸ்சி. வகுப்பில் யாரும் அத்தனை எளிதாகச் சொன்னதில்லை.

ஒரு துளிகூட நிற்பதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அப்படி என்னடி அவசரம்?

நீ போன பிறகு துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

“ரிப்போர்ட்ல அந்த அம்மாயி வசந்தி பேரை எடுத்துடும்மா. போனவங்களுக்கு மார்க் போட முடியாது.”

“மார்க் வேணாம் சார். தட்டைத் தேய்ச்சு மட்டம் பண்ணது அவ. பேர் இருக்கட்டும்.”

“ரூல் ஒத்துக்காது.”

“அப்போ என் பேரையும் எடுத்துடுங்க சார்.”

சொல்லியேவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறிக்கையில் இரண்டு பெயரையும் அப்படியே விட்டேன்.

தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். துளிகள் விழுந்துகொண்டிருந்தன. வோல்டேஜை ஏற்றினேன். ஒன்று மட்டும் தயங்கி, மேலே கிளம்பியது. கொஞ்சம் குறைத்தேன். நின்றது. நின்றதடி!

அவர் வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு அறிக்கையைப் புரட்டினார்.

“வசந்தி எங்கம்மா?”

“செத்துட்டா சார். பாதி வேலை அவளுது.”

துறைத்தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேராசிரியர் நம் இருவர் பெயருக்கும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

காலேஜ் போடும் மார்க்கில் எனக்குக் குறைத்துவிட்டார்கள். குறைக்கட்டும். கெஞ்சப் போகவில்லை.

அறிக்கையை உன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். உன் பெயரை விரலால் தடவிப் பார்த்த உன் நைனா, “என் பொண்ணு பாஸாயிட்டாளாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது, வசந்தி?

அடுத்து ஆராய்ச்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நம் துளிகளை வைத்து வெளிவரும் முதல் கட்டுரையில் உன் பெயர்தான் முன்னால் இருக்கும். எடுக்கச் சொல்பவர் யாராயிருந்தாலும் என்னிடம் வந்து பேசட்டும்.

உன் அப்பாவை இனி உன்னைப்போல் நைனா என்றே கூப்பிடப்போகும்
உன் அக்கா,
கலா