அண்ணனின் படத்திலிருந்து மாலையை எடு

ஓலைத்தொடுவாய்,
மன்னார்.
16.09.2012

அன்பு மகன் பெனடிக்ற்,

செத்தான் என்று ஒருவரும் நிரூபிக்காத உன் அண்ணன் அலெக்ஸின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, அதை உன் சினிமாவின் கடைசியில் வைத்து ஊருக்கு அனுப்பினாய். அது பிழை. வேறு எதையும் எழுதமுன் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன், எழுதிவிட்டேன். இனிச் சுகம் விசாரிக்கிறேன். நானும் அம்மாவும் உன் அண்ணி கிருஷிகாவும் மடு மாதாவின் இரக்கத்தால் நலமாக இருக்கிறோம், பரிஸில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போது உன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம். அங்கே குளிர் தொடங்கப்போகிறது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் சளி பிடிக்கும், கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. அம்மாவின் முழங்கால் நோவு குறையவில்லை, ஆசுபத்திரியில் தந்த களிம்பை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வேப்பெண்ணெய்தான் பூசுகிறாள். சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை, தென்பக்கக் கடலில் தொழில் இல்லை. மீளக் குடியேறி இவ்வளவு காலத்துக்குப் பிறகு எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கும் கரண்டு வந்துவிட்டது, அதனால்தான் நீ அனுப்பிய படங்களை எல்லாம் வீட்டில் இருந்து பார்க்க முடிந்தது.

மடு ஆவணித் திருவிழாவுக்கு நேர்த்தி வைத்து வந்த உன் நண்பன் விதுசனின் தாயார் நீ கொடுத்துவிட்ட பொதியைத் தந்தார். சைவக்காரர், ஆனாலும் மாதாவில் நல்ல பக்தி. பொதியில் மூன்று சினிமாப் படங்களும் நீயும் விதுசனும் சேர்ந்து எடுத்த படமும் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருந்தாய். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன், கோயில் பத்திரிகையை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் படிப்பு என்று ஏதோ தேடிக்கொண்டவன், சினிமாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கண் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். முதலாவது இந்தியப் படம், பொலிஸ்காரர் ஒருவர் ஊரையே அடிக்கிறார். கையில் பெரிய வெட்டு விழுகிறது, அடுத்த காட்சியில் அதே கையால் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மழையில் ஆடுகிறார். பக்கத்து வீட்டுத் தம்பு கைதட்டித் தட்டிப் பார்த்தான். கேள்வி இல்லாமல் ஆட்களைப் பிடித்து அடிக்கிற பொலிசுக்குக் கைதட்டுகிறாயே, நாளைக்கு உன்னை மறித்தாலும் தட்டுவாயா என்று கேட்டேன். அண்ணை, இது படம், நீங்கள் எல்லாத்துக்கும் வழக்குப் பேசுறியள், சும்மா இருந்து பாருங்கோவன் என்றான். இரண்டாவது படத்தில் பெற்ற தாய் தகப்பனை மகன்மார் முதியோர் இல்லத்தில் விடுகிறார்கள். அம்மா தொடக்கத்திலிருந்து முடியும்வரை அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஏனென்றால் அந்தப் படத்தில் மருமக்கள் எல்லோரும் கெட்டவர்கள், மாமி மட்டும் தேவதூதர், அப்படி ஒரு வீட்டை நான் காணவில்லை. பக்கத்திலிருந்து றால் கோது உடைத்துக்கொண்டிருந்த கிருஷிகா, மாமி, நான் உங்களுக்குச் சோறு போடாமல் விட்டனானா, இப்பிடி அழுறியள், ஊர் என்ன நினைக்கும் என்று சொன்னதும் அம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

மூன்றாவது சிங்களப் படம். அதைப் பார்ப்பதில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தேன், பிறகு ஒரு பிற்பகல் பொழுது போகாமல் போட்டுப் பார்த்தேன். ரயில் கடவையில் கதவு போடுகிற ஒருவரும் அவருடைய மனைவியும், அவ்வளவுதான். இருவருக்கும் கோபம், மனைவி சோற்றுக்கோப்பையைக் கொண்டுவந்து வைக்கிறார், கதைக்காமல் போகிறார், அவர் சாப்பிடுகிறார், ரயில் போகிறது. எங்கள் வீட்டில் வந்து எடுத்தார்களோ என்று இருந்தது. நான் கதைக்காமல் இருந்து பார்த்த ஒரே படம் அதுதான் என்று அம்மா சொல்லுகிறாள். நல்ல படம். அந்த மொழிக்காரர் எனக்குச் செய்தவற்றை நான் மறக்கவில்லை, அதற்காக நல்லதைக் கெட்டது என்று எழுதமாட்டேன்.

இனி உன்னுடைய படம். மகன் எடுத்த படம் என்று எனக்குப் பெருமை, தனியாகப் பார்க்க மனம் வரவில்லை. பங்குச் சுவாமியிடம் கேட்டு, போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் போட்டோம். தம்பு ரிவிப் பெட்டியைத் தூக்கி வந்தான், சனம் கதிரை போதாமல் நிலத்திலும் இருந்தது. நல்லதை முதலில் சொல்கிறேன். தம்பி அண்ணனின் பெரிய சேட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற காட்சியில் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சேட்டு எனக்குத் தெரியும், உனக்காக அதன் கையை அம்மா மடித்துத் தைத்தது எனக்குத் தெரியும். கடல் எங்கள் கடல் இல்லை, சாம்பல் நிறத்தில் தடித்த கடல், அதற்கு நீ என்ன செய்வாய், இருக்கிற இடத்தில்தானே எடுக்க முடியும். அண்ணனாக நடித்த பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் கடலுக்குப் போகிறவன் அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கமாட்டான். மகனைக் காணவில்லை என்று தாய் கரையில் விழுந்து தலைமயிரைப் பிய்த்துக் கத்துவதாகக் காட்டியிருக்கிறாய். அம்மா அப்படிக் கத்தவில்லை. சண்டை முடிந்து நாங்கள் அடைபட்டிருந்த முகாமில் கிருஷிகா வந்து, சோதனைச்சாவடியில் பெயர் பதிந்து அலெக்ஸை வேறு பேருந்தில் ஏற்றினவை மாமி, கையைக் காட்டிப்போட்டுப் போனவர் என்று சொன்னபோது, அம்மா வரிசையில் வாங்கிய சோற்றை அவனுக்கென்று ஒரு பங்கு பிரித்து மூடி வைத்தாள். அடுத்த நாளும் வைத்தாள். நீ அப்போது பிரான்சில் இருந்தாய், உனக்கு இது தெரியாது, நாங்களும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கடைசியில் அலெக்ஸின் கலியாணப் படம் வந்தது. கிருஷிகாவை வெட்டிவிட்டு அவனை மட்டும் எடுத்திருந்தாய். மல்லிகை மாலை, மெழுகுதிரி, கீழே பிறந்த ஆண்டு, ஒரு கோடு, பிறகு 2009. அந்த இரண்டாவது ஆண்டை உனக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரிய வேண்டும். இங்கே மாலை போட்ட படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தால் அதற்கு ஒரு கருத்துத்தான் உண்டு, அதை நீ மறந்துபோனாய். கோயிலில் மணி அடிக்கிற அமிர்தநாயகம் எழும்பி, நெற்றியில் சிலுவை போட்டு, மரித்தவருக்கான நித்திய இளைப்பாற்றிச் செபத்தைத் தொடங்கிவிட்டார். தொடங்கினால் சனம் பதில் சொல்லாமல் இருக்குமா, மண்டபம் முழுவதும் சேர்ந்து சொன்னது. எனக்குப் பக்கத்தில் அம்மாவும் சொன்னாள். நான் சொல்லவில்லை, கிருஷிகாவும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலைமணிக்குப் பிறகு துக்க மணி கேட்டது. ஆர் என்று கேட்டுக்கொண்டு ஒழுங்கைக்கு வருகிறேன், தம்பு கறுப்புக் கொடியோடு எங்கள் வேலிக்கு முன்னால் நிற்கிறான். பறித்து எறிந்தேன். அமிர்தநாயகத்திடம் போய்க் கேட்டால், அண்ணை, வெளிநாட்டில இருந்து பெடியனுக்கு நிச்சயமான சேதி கிடைச்சிருக்கு, வாயால சொல்ல மனமில்லாமல் படத்தில காட்டியிருக்கிறான் எண்டுதான் நான் விளங்கினனான், மாலையைக் கண்ட பிறகு மணி அடிக்காமல் விட்டால் நாளைக்கு நீங்கள்தானே என்னைப் பேசுவியள் என்றார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அதனால் அதிகம் பேசாமல் வந்தேன்.

ஆனால் அடித்த மணியைத் திருப்பி எடுக்க முடியாது. பெண்கள் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தார்கள். கிருஷிகாவைச் சுற்றியிருந்து, இனிக் கலர்ச் சீலை உடுக்கிறது சரியில்லைப் பிள்ளை என்று ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். கிராம அலுவலர், எங்கள் விதானையாரும் வந்தார். ஊரே மன்றாடிப்போட்டுது, இனி என்ன ஐயா, மரணச் சான்றிதழை எடுத்தால் வீட்டுத்திட்டத்துக்கும் கிருஷிகாப் பிள்ளையின்ர எதிர்காலத்துக்கும் நல்லது என்று மெதுவாகத்தான் சொன்னார், நல்ல மனிதர். சான்றிதழ் எடுத்த பிறகு அவனை ஆர் தேடுவினம் என்று கேட்டேன். மகனே, இதுதான் நீ விளங்க வேண்டியது. இறந்தவனை ஒருவரும் தேடமாட்டார்கள். காணாமல் போனவனைத்தான் தேட வேண்டும். அலெக்ஸைக் கொண்டுபோனவர்களுக்கு வேண்டியதை, ஒரு காசு வாங்காமல், நீயும் விதுசனும் பூவும் திரியும் வைத்துச் செய்து கொடுத்துவிட்டீர்கள்.

இன்று ஞாயிறு. கிருஷிகா கலியாணத்துக்கு அடுத்த வருடம் அலெக்ஸ் வாங்கிக் கொடுத்த சிவப்புச் சீலையை உடுத்துக்கொண்டு பூசைக்கு வந்து, வழக்கமாக இருக்கிற வரிசையில் இருந்தாள். திரும்பி வரும்போது நல்ல வேலை செய்தாய் பிள்ளை என்றேன். நீங்கள் சொல்லி நான் உடுக்கேல்லை மாமா, அவை சொல்லிக் கழட்டவும் மாட்டன், எனக்கு எப்ப வெள்ளை உடுக்கத் தோணுதோ அப்ப நானே சொல்லுவன், அதுமட்டும் ரெண்டு பக்கமும் வாயை மூடுங்கோ என்றாள். சரியான பேச்சு. ஆனால் அம்மா கேட்டதுதான் என்னை வருத்துகிறது. அவன் செத்திருந்தால் இந்த மூண்டு வருசமும் அவன்ர ஆத்துமத்துக்கு ஆர் மன்றாடினது, பெத்த நாங்களே அவனைச் செபமில்லாமல் விட்டிட்டமோ என்று கேட்டாள். ஆனாலும் அவன் செத்தான் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன்னையும் நான் யோசித்துப் பார்த்தேன். அண்ணனைப் பற்றிக் கதைக்க ஒரு ஆள் இல்லாமல் அந்த அறையில் தனியே இருந்திருக்கிறாய், உனக்கு அழுவதற்கு ஒரு இடம் தேவைப்பட்டிருக்கிறது. அழு, அதற்கு யாரும் குறை சொல்லமாட்டார்கள். அழுவதற்கு அவன் செத்திருக்க வேண்டியதில்லை, நான் மூன்று வருடமாக அழுகிறேன்.

தூரத்தில் இருந்தாலும் உன் நெற்றியில் சிலுவை போட்டு உன்னை ஆசீர்வதிக்கிறேன், கர்த்தர் உன்னைக் காப்பாற்றுவார். இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன், மறக்காதே. நீ அந்த மாலையையும் திரியையும் இரண்டாவது ஆண்டையும் வெட்டி எடுக்க வேண்டும், கலியாணப் படத்தைக் கிருஷிகாவோடு முழுதாகப் போட்டு, இவரைத் தேடுகிறோம் என்று கீழே எழுத வேண்டும். விதுசன் அங்கே படத்தைப் பார்த்த எல்லோருக்கும் அதைத் திரும்பக் காட்ட வேண்டும். சுவாமி அடுத்த ஞாயிறு பூசையில், மணி தவறுதலாக அடிக்கப்பட்டது என்று அறிவிக்க வேண்டும், சுவாமியிடம் நானே போவேன். விதானையார் அந்தச் சான்றிதழ்க் கதையை இந்த வீட்டு வளவுக்குள் கொண்டுவரக் கூடாது. பெண்கள் கிருஷிகாவின் சீலையைப் பார்க்காமல் பூசையைப் பார்க்க வேண்டும். அம்மா தனக்கு எந்தச் செபம் ஆறுதலோ அதைச் சொல்லட்டும், அதை நான் மறிக்கக் கூடாது, இது எனக்கு நானே எழுதுவது. சோதனைச்சாவடியில் பெயர் பதிந்தவர்கள் பதிந்த பெயருக்குப் பதில் சொல்ல வேண்டும். அலெக்ஸ் வர வேண்டும், பிந்தி வந்தாலும் ஏன் பிந்தினாய் என்று நான் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ம. செபமாலை