பரங்கிப்பேட்டைக்கு ஒரு கடல் வரைபடம்

2025 ஜனவரி 6, திங்கள்

காலையில் மோட்டார் ரிப்பேர். மதியம் மச்சினன் சைஃபுல்லா புதுச்சேரியிலிருந்து போன் செய்தான். இரண்டு வருடமாக வைத்திருந்த பாய்மரப் படகை விற்கிறானாம். மார்ச் முதல் வாரம் ஆள் வந்து எடுத்துப் போய்விடுவார்கள். அதற்குள், நோன்பு பிறக்கும் முன்பாக, அவன் அக்காவை ஒரு தடவை அதில் ஏற்றிப் பரங்கிப்பேட்டை வரை கூட்டிப் போக வேண்டுமாம்.

அக்கா என்றால் என் மனைவி ரசியா. பிறந்து வளர்ந்தது பரங்கிப்பேட்டை. தினமும் கடலைப் பார்த்தவள், ஆனால் பெண்பிள்ளையைப் படகில் ஏற்றுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. திருவண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. "நம்ம ஊரைக் கடல்லேருந்து ஒரு தடவை பாத்துடணுங்க" என்றாள். என்னிடம் அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

நானும் கூட வர வேண்டுமாம். "போன்லயே மேப் இருக்கு மச்சான். இருந்தாலும் பேப்பர்ல ஒண்ணு கையில இருந்தா தைரியம். நீங்க சர்வேயர் ஆச்சே, எந்தக் கம்பெனி நல்லதுன்னு பாத்து வாங்கிடுங்க" என்றான்.

நில அளவைத் துறையில் முப்பத்துநாலு வருடம் குப்பை கொட்டியவன் நான். வரைபடம் என்றால் இந்த மதார் சாகிப்பைத்தான் கேட்க வேண்டும். வாங்குவதாக ஒப்புக்கொண்டேன். படகில் ஏறுவதாக ஒப்புக்கொண்டேனா? அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை.

ஜனவரி 9, வியாழன்

கோப்பு திறந்தாயிற்று. பொருள்: கடல் வரைபடம் கொள்முதல்.

முறைப்படி மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். முதலாவது இங்கிலாந்துக் கம்பெனி. பொழுதுபோக்குக்குப் படகு விடுகிறவர்களுக்கென்றே மடக்கு வரைபடம் போடுகிறது. தண்ணீர் பட்டாலும் கிழியாதாம். இரண்டாவது பிரான்சுக் கம்பெனி. எந்தத் துறைமுகத்தில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்பது வரை போட்டிருக்கிறார்கள். மூன்றாவது நம் அரசாங்கத் தாள். அது டேராடூனில் தயாராகிறது. கடல் வரைபடத்தை மலை ஊரில் உட்கார்ந்து தயாரிக்கலாம் என்றால், திருவண்ணாமலையில் உட்கார்ந்து நான் தேர்வு செய்யக் கூடாதா?

ஜனவரி 17, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து மெயில் பார்த்தேன். இங்கிலாந்தும் பிரான்சும் ஒரே பதில்தான்: உங்கள் கரைக்கு நாங்கள் வரைபடம் போடுவதில்லை.

ரசியா எட்டிப் பார்த்தாள். "அப்ப மிச்சம் ஒண்ணுதானே. அதையே வாங்கிடுங்க."

கொள்முதல் விதி அவளுக்கு எங்கே தெரியும்? மூன்றுக்குக் குறைந்தால் ஒப்பீடு செல்லாது, மறுபடியும் கோர வேண்டும். விளக்கிச் சொன்னேன். பாதியில் குக்கர் பார்க்கப் போய்விட்டாள்.

ஜனவரி 24, வெள்ளி

மறுகோரிக்கையோடு மாதிரியும் கேட்டிருந்தேன். சென்னை ஏஜெண்டு இங்கிலாந்துக் கம்பெனியின் தாள் ஒன்று அனுப்பியிருக்கிறார். ஏதோ கிரேக்க நாட்டுத் தீவுகள். இரண்டு ஓட்டை போட்டு, டேக் கோத்துக் கோப்பில் சேர்ப்பதற்கு முன், ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊற வைத்துப் பார்த்தேன். உண்மைதான், கிழியவில்லை. மை கரையவில்லை. தரம் மிக நன்று. பரங்கிப்பேட்டை இல்லை என்பது ஒன்றுதான் குறை.

ஜனவரி 29, புதன்

நிபுணர் கருத்து இல்லாமல் ஒப்பீட்டுப் பட்டியல் நிற்காது. விசாரித்ததில், ரமணாசிரமம் பக்கத்தில் வாடகை அறையில் இருக்கும் ஹாலந்துக்காரர் ஒருவர் பாய்மரப் படகிலேயே பாதி உலகம் சுற்றியவர் என்று தெரிந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன்.

மனிதர் மௌன விரதம். மூன்று மாதமாக வாயைத் திறக்கவில்லையாம். இந்த ஊரில் கடல் தெரிந்த ஒரே ஆள், அவரும் பேச மாட்டார். பட்டியலைப் பொறுமையாகப் படித்தார். பதினாறு பக்கம். பிறகு ஒரு துண்டுத் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி நீட்டினார்: 'என்றைக்குப் புறப்படுகிறீர்கள்?'

நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ரசியா படகுக்கென்று வழுக்காத ரப்பர் செருப்பு வாங்கி வந்திருக்கிறாள். இரண்டு ஜோடி. ஒன்று என் அளவு.

பிப்ரவரி 12, புதன்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், ஊருக்குள் பஸ் வரவில்லை. ஆகவே வரைபட வேலையாக இன்று எதுவும் செய்ய இயலவில்லை. மெயில் அனுப்புவதற்கு பஸ் எதற்கு என்று ரசியா கேட்டாள்.

சைஃபுல்லா தேதி வைத்துவிட்டான். இருபத்திரண்டு, சனிக்கிழமை. "அதுக்கு மேல தள்ள முடியாது மச்சான். அடுத்த வாரம் நோன்பு, அதுக்கடுத்து படகே இல்ல."

பிப்ரவரி 16, ஞாயிறு

சென்னையில் வேலை செய்யும் மகள் ஹஃப்சா டேராடூன் தாளை வாங்கி கூரியரில் அனுப்பிவிட்டாள். துறைமுகம் பக்கம் ஒரு கடையில் அரை மணி நேரத்தில் வாங்கினாளாம். விலைப்புள்ளி இல்லை, ஒப்பீடு இல்லை, ஒன்றும் இல்லை.

ரசியா அதைக் கட்டில் முழுக்க விரித்துப் போட்டு, கரையை விரலால் தடவிக்கொண்டே தெற்கே போய்ப் பரங்கிப்பேட்டையைக் கண்டுபிடித்தாள். முகம் அப்படி மலர்ந்து போயிற்று. நான் உள்ளே போய், இந்தத் தாளுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை திருத்தம் வரும், அத்தனையும் ஏற்றிச் சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது, குறைந்தது ஒரு மாதம் ஆகும் என்றேன்.

விரல் நின்றது. "நீங்க வரலேன்னா வரலேன்னு சொல்லுங்க. பேப்பர் மேல பழியப் போடாதீங்க."

கத்திவிட்டேன். எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஏன் கத்தினேன்? தண்ணின்னாலே எனக்குப் பயமாத்தான் இருக்குது. அதச் சொல்ல வாய் வரல. சர்வீஸ்ல ஏரி எல்லை அளக்கப் போனப்ப, வயித்துவலின்னு சொல்லிட்டுப் பரிசல்ல ஏறாம, புளியமரத்தடியில உக்காந்து கையெழுத்துப் போட்டவன்தானே நான்? அது போவட்டும். இவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதயும் பட்டியல் போட்டுப் போட்டுத் தள்ளிக்கினே வந்திருக்கேன். நோன்பு வந்துட்டா தப்பிச்சோம்னுதானே கணக்குப் போட்டேன்? சீ — அசிங்கமா இருக்குது.

பிப்ரவரி 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். காலையில், டீ குடிக்கும்போது. "எனக்குத் தண்ணின்னா பயம். நான் வரல. நீ போயிட்டு வா."

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா எதுக்கு ரெண்டு ஜோடி செருப்பு?"

"எப்பத்தான் வாயத் தொறக்கறீங்கன்னு பாத்தேன்" என்றாள். கோபமா சிரிப்பா, கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை ஜாஸ்தியாக.

பிப்ரவரி 22, சனி. பரங்கிப்பேட்டை

விடியும்போது புதுச்சேரியில் படகு ஏறினாள். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வரைபடத்தை உருளையில் போட்டு நான்தான் கொடுத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கடலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து சிதம்பரம் பஸ், பாதியில் இறங்கி ஆட்டோ. பதினொன்றரைக்கு இங்கே கரையில் வந்து நின்றேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். "என் சம்சாரத்த. கடல்ல வராங்க" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்கு மேல் பாய் தெரிந்தது. கிட்ட வர வர ஆள் தெரிந்தது. சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தது சைஃபுல்லா இல்லை, ரசியா. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை, சுக்கானை விட்டால்தானே. அழுதுவிட்டேன். வலைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வாங்கிக் குடித்தேன்.

மார்ச் 1, சனி

பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு. திங்கட்கிழமை படகை எடுத்துப் போக ஆள் வருகிறார்கள் என்று சைஃபுல்லா சொன்னான். ரசியா கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

கோப்பை முடித்துக் கட்டலாம் என்று அவள் கொண்டுவந்த வரைபடத்தை மேசையில் விரித்தேன். புதுச்சேரியிலிருந்து பென்சில் கோடு. நடுநடுவே மணி எழுதியிருக்கிறாள். கோடு நேராக இல்லை, இரண்டு இடத்தில் வளைந்து போகிறது. பரங்கிப்பேட்டைக்கு எதிரே கோடு முடிகிறது. அதற்கு நேரே கரைமேல், ஒன்றும் அச்சடிக்காத இடத்தில், சின்னதாக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் 'இவர்' என்று எழுதியிருக்கிறாள்.

இடம் சரியில்லை. நான் நின்றது இன்னும் தெற்கே, இருநூறு மீட்டராவது இருக்கும். ரப்பரைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு அதை டப்பாவில் போட்டு மூடினேன்.