எட்டாவது படித்த டிரைவர்

செவ்வாய்க்கிழமை, இரவு

பள்ளி வேனில் இத்தனை வருடமாக ஆயாவாக இருந்தேன். வேன் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டேன். டிரைவர் அண்ணன் வேலையை விட்டுப் போனதால், அந்த வேலையை எனக்குத் தாருங்கள் என்று இன்று தாளாளரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "எட்டாங் கிளாஸோட நின்னவ நீ. ஆயா வேலை கிடைச்சதே பெருசு. உன்னை நம்பிப் புள்ளைங்கள அனுப்புவாங்களா?"

"இப்பவும் என்னை நம்பித்தானே சார் அனுப்புறாங்க? போன டிரைவர் என்ன படிச்சிருந்தாரு?"

கேட்டேவிட்டேன். "போயி வேலையப் பாரும்மா" என்றார்.

சாயங்காலம் மாற்று டிரைவரோடு போய்க் கடைசிப் பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிட்டு, நாளையிலிருந்து வரமாட்டேன் என்று தாளாளரிடம் சொல்லிவிட்டேன். எறையூர்ப் பக்கம் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன்காரருக்கு, டிரைவர் வேலை கேட்டுப் போன் செய்தேன்.

"காலைல வந்து ஓட்டிக் காட்டுங்க" என்றார். படிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வீட்டுக்காரருக்குக் கோபம். "இருந்த வேலையையும் விட்டுட்டு வந்துட்டியே, அந்த வேன்காரரு வேணாம்னுட்டா?"

வேண்டாமென்றால் இன்னொருவரைக் கேட்பேன். பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். அரியலூர் ரோட்டில் வண்டிகளுக்கா பஞ்சம்?