சுருட்டு பற்றவைப்பவர்

9 மார்ச், ஞாயிறு

பாடங்கள் எல்லாம் முடிந்தன. பழைய மலாய் ஆவணங்களை வாசிக்கும் தேர்விலும் எப்படியோ கரையேறிவிட்டேன். முதுகலை வரலாற்றுக்கு இனி மிச்சம் ஆய்வுக் கட்டுரையும் அதைப் பற்றிப் பொதுவில் ஓர் உரையும்தான். பேட்டி கொடுத்தவர்களின் ஒப்புதல் கையெழுத்தோடு ஒலிப்பதிவை நூலகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். இந்தத் தவணையோடு காலக்கெடு முடிகிறது. ஒரு நீட்டிப்பை ஏற்கனவே வாங்கித் தின்றாயிற்று. தவறினால் பள்ளிக்கூட வேலைக்கு நடுவே படித்த அத்தனையும் குப்பைக்குப் போகும் என்று மேத்யூவிடம் புலம்பினேன். "அப்ப தவற விடாத லா," என்றார், வாணலியில் மீனைத் திருப்பிக்கொண்டே. புருஷன் என்று ஒருவர்.

16 மார்ச், ஞாயிறு

பாலம் தாண்டி நிபோங் திபால் தோட்டத்துக்குப் போய் வந்தேன். ஆய்வுக்காக நான் பேட்டி எடுத்துவரும் கார்த்திகேசு அண்ணன் இன்று வாய் திறந்தார். இத்தனை நாள் மழையையும் ரப்பர் பால்மரத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருந்த மனிதர்.

தோட்டத்தின் பழைய இடுகாட்டில் இப்போது தோட்டக் கம்பெனி வீடு கட்டுகிறது. அங்கிருந்த எலும்புகளைத் தோண்டி, பானைகளில் எடுத்து, புது இடத்தில் அடக்கம் செய்துவிட்டோம் என்று தோட்டத்து முனியாண்டி கோயில் தலைவர் கோகிலன் கட்டத் தொடங்கும்போதே அறிவித்தார். சனங்கள் அங்கே போய்ப் பூ வைத்து ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.

"அந்தப் பானைங்கள குழில எறக்கினது நான்தான் டீச்சர். உள்ள வெறும் மண்ணு. எங்கம்மாவும் அந்தப் பழைய எடத்துலதான் கெடக்கறாங்க. மேல வீடு கட்டறாங்க."

கைப்பேசியில் பதிவு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார். ஒரே நிபந்தனை, பெயர் வரக்கூடாது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்களுக்குக் கம்பெனி புது வீடு தருகிறது. யார் யாருக்கு என்று சொல்வது கோகிலன்.

பெயர் வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

2 ஏப்ரல்

வெறும் மண் பானைகளைப் பற்றிய நான்காம் அத்தியாயம் தானாக எழுதிக்கொண்டது. இவ்வளவு நன்றாக நான் எழுதியதே இல்லை.

22 ஏப்ரல், செவ்வாய்

நான்காம் அத்தியாயத்தை வைத்துப் பேசிய பொது உரை முடிந்தது. மேற்பார்வையாளர் டாக்டர் சித்தி ஹாஜரா, சிரிக்கவே தெரியாத அம்மா, இன்று சிரித்தார். கூடப் படிக்கும் ஹரீஷ் முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் படம் பிடித்தான்.

கார்த்திகேசு அண்ணனுக்கு வேறு பெயர் வைத்திருந்தேன். கேட்பவர்கள் மனதில் ஆளைப் பற்றி ஒரு சித்திரம் வேண்டுமே என்று, ஆடித் திருவிழாவில் முனியாண்டிக்குச் சுருட்டு பற்றவைத்துக் கொடுப்பவர் என்று மட்டும் சொன்னேன். கூட்டம் அதை ரசித்தது.

25 ஏப்ரல், வெள்ளி

ஹரீஷ் அந்தப் படத்தைத் தன் உறவினர்கள் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். அவன் அத்தை அதே தோட்டம். கார்த்திகேசு மாமா ஏன் இப்படிப் பேசினார் என்று அத்தை கேட்கிறார்கள் அக்கா என்றான்.

பேரையே சொல்லவில்லையே என்றேன்.

"சுருட்டு பத்த வைக்கிறது அவர் ஒருத்தர்தானே அக்கா. அவங்க அப்பா இருந்த வரைக்கும் அப்பா, அப்புறம் இவரு. வேற யாரும் தொட மாட்டாங்க."

எங்கள் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவது வாரத்துக்கு ஒருவர். பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள், நான்கூட ஏற்றியிருக்கிறேன். முனியாண்டிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. என்ன படித்தேன் நான்?

படத்தை வாட்ஸ்அப்பிலிருந்து நீக்கிவிட்டான். நீக்கி என்ன ஆகப்போகிறது.

29 ஏப்ரல்

கோகிலன் கூப்பிட்டார். என் எண் எப்படிக் கிடைத்ததோ. அவ்வளவு மரியாதை. நம்ம பொண்ணு ஒண்ணு இவ்வளவு படிக்கிறது பெருமைதானே என்றார். திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார். போனை வைப்பதற்கு முன் ஒன்று சொன்னார்.

"கார்த்திகேசு நம்ம ஆளுதான் டீச்சர். நீங்க கவலப்படாதீங்க. நாங்க பாத்துக்குவோம்."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

2 மே

அண்ணன் போனை எடுக்கவில்லை.

4 மே, ஞாயிறு

நேரில் போனேன். எப்போதும் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை. பைப் பழசு என்றார். அவர் நாய் வாசலில் இல்லை. எங்கே என்று கேட்டேன், ரெண்டு நாளாகக் காணோம் என்று வேறு பக்கம் பார்த்துச் சொன்னார்.

என்னால்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அழுதும்விட்டேன், வெட்கமில்லாமல்.

"வுடுங்க டீச்சர். சொன்னது சொன்னதுதான். நீங்க படிப்ப முடிங்க," என்றார்.

9 மே

டாக்டர் சித்தி ஹாஜராவிடம் நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். அதற்குப் பதிலாகக் கம்பெனியின் ஆண்டறிக்கைகளை வைத்து ஒன்று எழுதினால் தேறிவிடும், ஒலிப்பதிவும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையெழுத்துப் போட்டது பேட்டி கொடுத்தவர், விலகுவதென்றால் அவர்தான் விலக வேண்டும், அவரைக் கேட்டாயா என்றார்.

கேட்டேன் என்றேன்.

ஏன் அப்படிப் பொய் சொன்னேன்? அண்ணனுக்காகத்தான். வேறென்ன? இதற்குமேல் அந்த மனிதருக்கு எதுவும் ஆகக்கூடாது. கோகிலன் மறுபடி கூப்பிடவும் கூடாது — சரி, அதுவும்தான்.

13 ஜூன்

கட்டுரையை ஒப்படைத்துவிட்டேன். புது நான்காம் அத்தியாயம் உப்புச் சப்பில்லாத கஞ்சி.

11 ஜூலை

தேறிவிட்டேன். மேத்யூ கேக் வாங்கி வந்தார். அண்ணனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

திருவிழாவுக்குப் போனேன். மேத்யூ வேண்டாம் என்றுதான் சொன்னார். முனியாண்டி முன்னால் சுருட்டு பற்றவைத்தது கோகிலனின் அக்கா மகன். சின்ன வயது, பழக்கமில்லாமல் இருமினான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவுமில்லை. பிறகு மேடையில் புது வீட்டுச் சாவிகளைக் கொடுத்தார்கள். லயத்தில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டார்கள், ஒருவரைத் தவிர.

அண்ணன் கூட்டத்துக்கு வெளியே செம்பனை மரத்தடியில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி கட்டி, குளித்து, விபூதி பூசி, கூப்பிடுவார்கள் என்பதுபோலத்தான் வந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். புத்தகம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது, தேறிவிட்டேன் என்றேன். அவர் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் சொன்னது வந்துருச்சா டீச்சர்?"

"இல்லண்ணே. உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு எடுத்துட்டேன்."

புது அடக்க இடத்தில் பெண்கள் வரிசையாக ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றார். "அது வரும்னுதானே இதெல்லாம் பொறுத்துக்கிட்டேன்."

கோகிலன் மேடையிலிருந்தே என்னைப் பார்த்துவிட்டார். நாற்காலி போடச் சொன்னார். மைக்கில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். திரும்பிப் பார்த்தபோது மரத்தடியில் அவர் இல்லை.

7 ஆகஸ்ட்

ஒலிப்பதிவு இன்னும் என் கைப்பேசியில்தான் இருக்கிறது. போட்டுக் கேட்கவில்லை.

பட்டமளிப்பு அங்கிக்கு அளவு கேட்டிருந்தார்கள். அனுப்பிவிட்டேன்.