வவ்வாலுக்கு ஒரு கிட்டார்

என் வவ்வால் மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் பழைய கிட்டாரை நான் விற்றதையும், நீ பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதையும் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

உனக்குப் புதுசு வாங்கப் போய் என் பிராணனே போய்விட்டது. கிட்டார் வாசிக்கிற மூன்று பேர் நம் சலூனுக்கு வருவார்களே, அவர்களிடம் யோசனை கேட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

"ரொம்ப மட்டமும் வேணாம், யானை விலையும் வேணாம். நடுவுல ஒரு எலக்ட்ரிக் கிட்டார் சொல்லுங்கப்பா."

"கிட்டாரோட கழுத்து மெலிசா இருக்கணும்ண்ணே" என்றான் குடுமிக்காரன்.

"மெலிசுன்னா வளைஞ்சிரும்டா!" என்று தாடிக்காரன் பாதிச் சவரத்தில் எழுந்துவிட்டான். நுரை முழுக்க என் சட்டையில்.

"கிட்டார்ல என்ன இருக்கு? சத்தம் வர்ற பெட்டியை நல்லதா வாங்குங்க" என்றான் மூன்றாமவன். பத்து நாள் இதே கூத்து. மூவருக்கும் மொட்டை போட்டு அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது எனக்கு.

கடைசியில் மூவரையும் கடைக்கே இழுத்துப்போனேன். கடைக்காரம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "பொண்ணு எந்தக் கைப் பழக்கம்?"

பத்து நாளில் பண்டிதர்கள் மூவருக்கும் தோன்றாத கேள்வி. எனக்குத் தெரியும். நீ அந்தப் பழசைத் திருப்பிப் பிடித்துத்தான் வாசிப்பாய். "வவ்வாலாடி நீ, தலைகீழாப் பிடிக்கிறே?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். இடக்கைக்கென்றே கிட்டார் செய்கிறார்கள் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது.

அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. விலை நடுத்தரம், நிறம் கண்றாவிக் கிளிப்பச்சை. வாங்கிவிட்டேன். இப்போது சலூன் கண்ணாடி ஓரம் தொங்குகிறது. மூவரும் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், ஒருவனுக்கும் கை படியவில்லை. நீ வராவிட்டால் ஈரத்துண்டு காயப்போடத்தான் ஆகும். விற்க மட்டும் மாட்டேன்.

வாயை மூடிக்கொண்டு கேட்கப்போகிற
உன் அப்பா