விளிம்புக்கு மேல் குவித்த கரி

என் அன்பு வாப்பா,

நீங்கள் மௌத்தாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் கொப்பியைப் புத்தகமாக்குவேன் என்று சொன்னேனே, பாதி தட்டச்சு செய்துவிட்டேன். கோழி கிளறியது மாதிரிக் கையெழுத்து. நீங்கள் இருக்கும்போதே அதற்காக ஒரு நாள் சண்டை பிடித்திருக்க வேண்டும்.

கொழும்பைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஆள் ஏற்றுவதற்கென்றே வந்த சின்னக் கரிக்கோச்சி எஞ்சின்களின் சரித்திரத்தை, கடைசிக் காலத்தில் அவை நம் புத்தளம் பாதைக்கு வந்து சேர்ந்தது வரை எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரும் கரியும் எஞ்சினிலேயே இருக்கும், கரி பின்பக்கப் பெட்டியில். போன இடத்தில் அதைத் திருப்பத் தேவையில்லை. அப்படியே பின்பக்கமாக ஓடி வந்துவிடும். இந்த வசதியை நான்கு பக்கம் புகழ்ந்திருக்கிறீர்கள். உம்மாவைக்கூட நீங்கள் அப்படிப் புகழ்ந்ததில்லை.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பக்கம். எங்கே ஓடியது, எப்போது கொதிகலன் மாற்றினார்கள், எப்போது உடைத்து இரும்புக்குக் கொடுத்தார்கள், எல்லாம் இருக்கிறது. ஏழாவது எஞ்சினுக்கு மட்டும் ஒரே வரி: "கரியை விளிம்புக்கு மேல் குவிக்கக் கூடாது." அதன் கீழே இரண்டு கோடு. ஏன் என்று எழுதவில்லை.

அதைக் கேட்கத்தான் மரைக்கார் மாமாவிடம் போனேன். நீங்கள் ஓட்டிய எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர், இப்போது கற்பிட்டியில் மகன் வீட்டில் இருக்கிறார். வரியை வாசித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்டைக்குப் பின்பக்கமாத்தான் வந்தம் புள்ள. வழியில கரி ஏத்த நிக்கேலாதெண்டு உங்கட வாப்பா குவிச்சுப் போடச் செல்லிட்டார். கரிக்கு அங்கால ஒண்டும் தெரியல்ல. விசிலும் ஊதல்ல. கனமூலையில, ரோட்டுக் கடவையில மனிசன் நிண்டது அடிச்ச பொறகுதான் தெரியும்."

"கனமூலைச் செவிடனா?" என்று கேட்டேன். காது கேட்காத ஒருவர் உங்கள் கோச்சியில் அடிபட்டு மௌத்தான கதை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

"அவர் செவிடில்ல. வேல போயிடுமெண்டு பயத்தில, தான் ஊதினதாவும் அந்தாளுக்குத்தான் கேக்கல்லெண்டும் உங்கட வாப்பா விசாரணையில செல்லிட்டார். நானும் ஓமெண்டன்."

மறுநாளே கனமூலைக்குப் போனேன். கடைக்காரரிடம், மரைக்கார் மாமா தந்த அந்த மனிதரின் பெயரைச் சொல்லி வீட்டைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பிறகு வெட்கத்தோடு "செவிடன்ட வீடு" என்றேன். உடனே கையைக் காட்டினார்.

அங்கே அவருடைய மகள் நபீஸா ராத்தா இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. நான் யாரென்று சொல்லவில்லை, பழைய கோச்சிகளைப் பற்றி எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"எங்கட வாப்பா செவிடில்ல புள்ள. வளவுல தேங்கா விழுந்தா, எந்த மரமெண்டு ஊட்டுக்குள்ள இருந்தே செல்லுவார். நான் செல்லுறத்த ஒத்தரும் நம்பல்ல."

"ஓம் ராத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். உங்கள் மகள்தானே.

அதற்குப் பிறகும் எத்தனை முறை அந்தக் கடவையைத் தாண்டியிருப்பீர்கள்? ஒரு தடவையாவது அந்த வீட்டுக்குப் போக மனம் வரவில்லையா? இரண்டு கோடு போட்டால் போதும் என்று நினைத்தீர்களா? எனக்குக் கோபமாக இருக்கிறது, வாப்பா. அதைவிட வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது எஞ்சினின் பக்கத்தை நானே எழுதி முடித்துவிட்டேன். உங்கள் பெயர் இருக்கிறது, ஊதாத விசிலும் இருக்கிறது. உங்களுக்காகத் துஆ கேட்பதை நான் நிறுத்தவில்லை. ஆனால் ராத்தா மன்னிக்காமல் அது எவ்வளவு தூரம் போகும்? அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் முகமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும், மரைக்கார் மாமாவைக் கூட்டிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போகிறேன். அந்தக் கடைக்காரரையும் கூப்பிடுவேன். எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பக்கத்தை வாசிப்பேன். ராத்தாவின் வாப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்டது என்பதுதான் அதன் முதல் வரி.

செவிடன் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசாமல் வந்த,
உங்கள் மூத்த மகள்
ஸரீனா